நான் திருப்பி வைத்த கை

ஒரு சிறுமியின் கையில் சரியாகப் பொருந்தியிருந்த டென்னிஸ் மட்டையை வாங்கி, அதைத் திருப்பி வைத்து, "இப்படிப் பிடி, நீ பிடிச்சது தப்பு" என்று சொன்னவன் நான். அவள் பிடித்தது தப்பில்லை. அது எனக்குத் தெரிந்த பிறகும் பல வருஷம் வாய் திறக்கவில்லை. முதலாவதை அறியாமை என்று யாராவது மன்னித்துவிடலாம். இரண்டாவதை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வில்பட்டி. கொடைக்கானல் டவுனிலிருந்து இறங்கி வந்தால் சரிவு முழுக்க அடுக்கடுக்காகத் தோட்டங்கள். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளை. சமதளம் கிடைப்பது இங்கே அரிது; கிடைத்தாலும் அதில் பாத்தி கட்டிவிடுவார்கள். மூட்டை ஏற்ற லாரி வந்து நிற்கும் ஒரு திடல் மட்டும் மாலையில் காலியாக இருக்கும். அங்கே சுண்ணாம்பில் கோடு போட்டு, இரண்டு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, சணல் சாக்கை வெட்டி அதில் தொங்கவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். யாரிடமும் காசு வாங்கவில்லை. காசு வாங்காததால் பெற்றோர் யாரும் என்னிடம் கேள்வி கேட்டதும் இல்லை. கேள்வி கேட்காத இடத்தில் இருக்கிறவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு ஆட்டம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் டவுனில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கினேன். கோடை சீசனில் கீழேயிருந்து வரும் பெரியவர்கள் காலையிலும் மாலையிலும் ஆடுவார்கள். அங்கே ஒரு மார்க்கர் இருந்தார். உறுப்பினர்களோடு ஆடவும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் அமர்த்தப்படுகிறவரைத்தான் மார்க்கர் என்போம். ஆள் இல்லாத மத்தியான வேளைகளில் அவர் என்னையும் கூப்பிட்டு மட்டை பிடிக்கக் கற்றுத் தந்தார். ஒரே ஒரு பிடிதான். ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வாலி, சர்வீஸ், எல்லாவற்றுக்கும் அதுவேதான். கான்டினென்டல் என்பார்கள். தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிய மண் தரை. பலமுறை அடிபட்டு மயிர் உதிர்ந்த பந்து. எதிரே ஆடுகிறவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பந்து இடுப்புக்கு மேலே வந்ததே அபூர்வம். அந்தத் தரைக்கும் அந்தப் பந்துக்கும் அவர் சொன்ன பிடி சரிதான். அவர்மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

ஆட்டம் முடிந்து வராந்தாவில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். அதிகம் அடிபடும் பெயர் ராமநாதன் கிருஷ்ணன். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். 1961 காலிறுதியில் ராய் எமர்சனையே தோற்கடித்தவர். 1954இல் அவர் வென்ற விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை 1979இல் மகன் ரமேஷும் வென்றார். விஜய் அமிர்தராஜ் 1973இலும் 1981இலும் விம்பிள்டன் காலிறுதிக்குப் போனார். பலத்தால் அடிக்காமல் இடம் பார்த்துப் பந்தை வைக்கிற ஆட்டம் என்று கிருஷ்ணன் ஆட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு வடிவம் உருவாகிவிட்டது. அதுதான் டென்னிஸ், மற்றதெல்லாம் முரட்டுத்தனம். கிருஷ்ணன் ஆடி நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் பிற்காலத்தில் பிள்ளைகளை அடக்க அவர் பெயரைப் பயன்படுத்தினேன். "கிருஷ்ணன் இப்படியா பிடிச்சார்?" என்று அதட்டுவேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒன்பது வயசுப் பிள்ளையால் எப்படி முடியும்? ஒரு பெரிய மனிதரின் பெயரைக் குச்சியாகக் கையில் எடுத்தேன். இந்தக் குற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிடி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் நான் செய்த காரியம் புரியும். டென்னிஸ் மட்டையின் கைப்பிடி உருண்டையாக இருக்காது. எட்டுப் பட்டை. மட்டையின் முகம் பக்கவாட்டில் பார்க்க, சட்டத்தின் விளிம்பு தரையைப் பார்க்கப் பிடித்தால் உச்சியில் இருப்பது முதல் பட்டை. வலக்கை ஆட்டக்காரர் கைப்பிடியின் அடிப்பக்கமிருந்து பார்த்து, கடிகார முள் சுற்றும் திசையில் இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். சுட்டுவிரலின் அடிமுட்டி எந்தப் பட்டையில் உட்காருகிறதோ அதை வைத்துத்தான் பிடிக்குப் பெயர். இரண்டாம் பட்டையில் உட்கார்ந்தால் கான்டினென்டல். மூன்றில் ஈஸ்டர்ன். நான்கில் செமி-வெஸ்டர்ன். ஐந்தில், அதாவது கை ஏறக்குறைய அடியில் போய்விட்டால், வெஸ்டர்ன். இடக்கை ஆட்டக்காரருக்கு எண்ணும் திசை மாறும், அவ்வளவுதான். ஒரு பட்டை மாறினால் கைக்குள் மட்டை சுமார் 45 பாகை திரும்புகிறது. கையில் அது ஒரு விரல் அகலம்கூட இல்லை. பந்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அவள் திடலுக்கு வந்தது ஒரு பூண்டு சீசனில். அப்பாவோடு தோட்டத்தில் களையெடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள். விரல் இடுக்கில் செம்மண் காயவில்லை. மட்டையைக் கொடுத்ததும், யாரும் சொல்லாமலே, களைக்கொத்தைப் பிடிக்கிற மாதிரி அடியிலிருந்து கையைக் கொடுத்துப் பிடித்தாள். முட்டி நான்காம் பட்டையில். நான் போட்ட முதல் பந்து தரையில் பட்டு அவள் தோளுக்கு எழும்பியது. அவள் பின்வாங்கவில்லை. உடம்பை முழுக்கத் திருப்பி, பந்து தனக்கு முன்னால் இருக்கும்போதே கீழிருந்து மேலாக இழுத்துவிட்டாள். பந்து சாக்குக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் போய், சுழன்று, கோட்டுக்குள் விழுந்து துள்ளியது. அடுத்ததும் அப்படித்தான். ஒரு பாடமும் எடுக்காத பிள்ளை, தோள் உயரப் பந்தை டாப்ஸ்பின்னோடு கோட்டுக்குள் போடுகிறாள். பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவன் நான்.

நான் ஆட்டத்தை நிறுத்தினேன். "மண்ணு கொத்துற மாதிரி பிடிக்காதே" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னேன். கையைப் பிடித்துத் திருப்பி இரண்டாம் பட்டையில் வைத்தேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. அன்றைக்கு மேற்கொண்டு அவள் போட்ட பந்தெல்லாம் திடலைத் தாண்டிக் கீழ் அடுக்கில் இருந்த பூண்டுக் காட்டில் விழுந்தது. ஒவ்வொரு பந்துக்கும் அவளே இறங்கிப் போய் எடுத்து வந்தாள். அதுவும் என் விதிதான்: வெளியே அடித்தவர் எடுத்து வர வேண்டும்.

ஏன் வெளியே போனது? கான்டினென்டல் பிடியில் இடுப்புக்குக் கீழே மட்டையின் முகம் நேராக நிற்கும். தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கினால் முகம் வானத்தைப் பார்க்கும். வானத்தைப் பார்த்த மட்டையில் பட்ட பந்து வானத்துக்குத்தான் போகும். அதை அடக்க வேண்டுமென்றால் மணிக்கட்டை வளைத்து மட்டையை மூட வேண்டும். அவள் கெட்டிக்காரி, சில நாளில் அதைத் தானே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு ஃபோர்ஹேண்டுக்கும் மணிக்கட்டை உள்ளே மடக்கி, முன்கையைத் திருகி, பந்தைக் கீழே அழுத்தினாள். பந்து உள்ளே விழ ஆரம்பித்தது. நான் "இப்பத்தான் சரி" என்றேன். அந்தப் பாராட்டு கிடைத்த பிறகு அவள் இன்னும் அதிகமாக மடக்கினாள்.

மட்டையும் நான் கொடுத்ததுதான். டவுனில் யாரோ வேண்டாமென்று போட்ட பெரியவர்கள் மட்டை; 27 அங்குல நீளம், தடித்த கைப்பிடி. அவள் விரல்கள் அதைச் சுற்றி வந்து சேரவே இல்லை. பனிக்காலத்தில் சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் மஞ்சு இறங்கிவிடும். விரல் விறைக்கும், கைப்பிடி ஈரமாகும், மட்டை கைக்குள் சுழலும். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இறுக்கிப் பிடி." ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தடித்த பிடி, மடங்கிய மணிக்கட்டு, இறுகிய கை. மூன்றையும் சேர்த்து ஒரு வளரும் கையில் ஏற்றினேன்.

வலி முழங்கையின் உள்பக்கத்தில் வந்தது. மணிக்கட்டை மடக்குகிற தசைகளெல்லாம் அங்கே இருக்கிற எலும்பு முனையில்தான் வந்து சேர்கின்றன. பெரியவர்களுக்கு அந்த முனை கெட்டி எலும்பு. வளர்கிற பிள்ளைகளுக்கு அது எலும்போடு முழுதாகச் சேராமல், நடுவில் குருத்தெலும்போடு இருக்கும். திரும்பத் திரும்ப இழுபட்டால் புண்ணாகும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் அம்மா திடலுக்கே வந்து, "அண்ணே, புள்ளைக்குக் குடத்தத் தூக்க முடியல, கை வலிக்குதுங்குது" என்று சொன்னபோது நான் சொன்னது: "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். தைலம் தேச்சு விடுங்க."

பிறகு அவளுடைய அப்பா ஒருநாள் டீக்கடையில் கேட்டார். "நம்ம புள்ள எப்படிண்ணே ஆடுது?" என் ஆட்டத்தைப் பற்றியோ என் சொல்லைப் பற்றியோ சந்தேகம் வராத ஒரு பதிலைத் தேடினேன். "நல்லாத்தான் ஆடுது. ஆனா சொன்னா கேக்க மாட்டேங்குது. கவனம் பத்தல" என்றேன். அவள் நான் சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்ட பிள்ளை. கேட்டதனால்தான் கை போனது.

அந்தச் சமயத்தில்தான், கோடை சீசனில் கீழேயிருந்து வந்த ஒருவர் திடலோரம் நின்று பார்த்தார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறவர் என்று அறிமுகம் செய்துகொண்டார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், இந்தப் பாப்பா ஏன் இவ்வளவு உயரத்துல வர்ற பந்தைக் கான்டினென்டல்ல அடிக்குது? கஷ்டமா இருக்குமே?" என்றார். நான், "பழக்கம் வந்தா சரியாயிடும்" என்று பேச்சை முடித்துவிட்டேன். அவரும் மேலே பேசவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் திடலுக்குப் போய், குடோன் சுவரில் பந்தை அடித்து, தோள் உயரத்துக்கு வரவிட்டு, முதலில் என் பிடியில் அடித்தேன். பிறகு அவள் முதல் நாள் பிடித்த பிடியில் அடித்தேன். இத்தனை வருஷம் ஆடிய எனக்கே என் பிடியில் முன்கை நோகிறது. அவள் பிடியில் மட்டையின் முகம் தானாகப் பந்துக்கு நேரே நிற்கிறது. மணிக்கட்டு சும்மா இருக்கிறது. உண்மை எனக்கு அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஊருக்கே உரிய ஒரு விஷயத்தை நான் கவனிக்காமல் இருந்தது தெரிந்தது. கொடைக்கானல் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர்; நாங்கள் அதற்குச் சற்றுக் கீழே. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெளியே அழுத்தம் குறைந்தால், காற்றடைத்த பந்து உள்ளிருந்து விறைத்து நிற்கும், அதிகம் எழும்பும். காற்று அடர்த்தி குறைந்தால் பந்தைத் தடுக்க ஆள் இல்லை, நீளமாகப் பறக்கும். இதற்காகவே 1,219 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்கென்று தனிப் பந்து வகையைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வைத்திருக்கிறது. எங்களிடம் இருந்ததோ கீழேயிருந்து சுற்றுலா வந்தவர்கள் ஒருநாள் ஆடிவிட்டு விட்டுப்போன சாதாரணப் பந்துகள், அநேகமாகப் புதியவை. லாரிச் சக்கரம் அழுத்தி அழுத்திக் கல்லாகிப்போன தரை.

சமவெளியிலேயே கணக்கு எப்படி என்று பாருங்கள். விதிப்படி, வழக்கமான பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் அது 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உச்சந்தலை உயரம் அது. பெரியவர்களுக்கு இடுப்பிலோ மார்பிலோ வருகிற பந்து, பிள்ளைகளுக்குத் தோளிலும் முகத்திலும்தான் வரும். தோளில் வருகிற பந்துக்குத் தோதான பிடியை அவள் கை தானாகத் தேடிக்கொண்டது. அவளுடைய கைக்குத் தெரிந்தது என் படிப்புக்குத் தெரியவில்லை.

டென்னிஸ் வரலாறும் இதையே சொல்கிறது. கலிபோர்னியாவில் சிமெண்ட் தரையில் ஆடி வளர்ந்தவர்களிடம்தான் வெஸ்டர்ன் பிடி முதலில் பேர்பெற்றது. தரை கெட்டி, பந்து உயரம். அந்தப் பிடியோடு சான் பிரான்சிஸ்கோவின் பில் ஜான்ஸ்டன் 1915இலும் 1919இலும் அமெரிக்கப் பட்டம் வென்றார், 1923இல் விம்பிள்டனும். பந்து தாழ்ந்து வருகிற புல்தரையில் கையை அடியில் கொடுத்துப் பிடிக்கிறவன் தேறமாட்டான் என்பது வெகுகாலம் எல்லோரும் நம்பிய விஷயம். அப்படிப் பிடித்து டாப்ஸ்பின் போட்ட பியான் போர்க் 1976 முதல் 1980 வரை அதே புல்தரையில் விம்பிள்டனை ஐந்து முறை தொடர்ச்சியாக வென்றார். பெரியவர்கள் பேசிய அந்த வராந்தாவிலேயே போர்க்கின் பெயரை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். காதில் விழுந்தது, கையில் இறங்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் செய்ய வேண்டியது ஒரு வரி. "பாப்பா, நான் சொன்னது தப்பு. நீ முதல்ல பிடிச்ச மாதிரியே பிடி." சொல்லவில்லை. திடலில் மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அதே பிடியைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒருத்தியிடம் தப்பு என்றால் எல்லோரிடமும் தப்பு. ஊரில் எனக்கு இருந்த ஒரே மரியாதை அந்தத் திடலில் கிடைத்ததுதான். விவசாயத்திலும் நான் பெரிதாக வந்தவன் இல்லை, படிப்பிலும் இல்லை. அந்த ஒரு மரியாதையும் போய்விடுமோ என்ற பயம். மார்க்கரை விட்டுக்கொடுக்கிறோமோ என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் அதைக் காரணமாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். பயம்தான் காரணம். அவள் மழைக்காலம் முடிந்ததும் திரும்பி வரவில்லை. நான் ஆள் அனுப்பவும் இல்லை. அவள் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

இப்போது புதிதாக ஒரு பிள்ளை மட்டை தூக்கிக்கொண்டு வந்தால் நான் கையைத் தொடுவதில்லை. மட்டையைத் தரையில் முகம் படிய வைத்து, எடுக்கச் சொல்கிறேன். எடுத்த பிடியிலேயே தோள் உயரத்தில் கொஞ்சம் பந்து போட்டுப் பார்ப்பேன். மூன்றாம் பட்டையிலிருந்து நான்காம் பட்டைக்குள் எங்கே இருந்தாலும் அப்படியே விட்டுவிடலாம். ஐந்துக்கும் அப்பால் முழுக்கத் திரும்பியிருந்தால் தாழ்ந்த பந்துக்குக் கஷ்டப்படும். அப்போது மட்டும் கொஞ்சம் மேலே கொண்டுவரச் சொல்வேன், அதுவும் மெதுவாக.

அதற்கும் முன்னால் மட்டையின் அளவு. கைப்பிடிச் சுற்றளவு 4 அங்குலத்திலிருந்து 4⅝ அங்குலம் வரை உண்டு. 0 முதல் 5 வரை எண் போட்டிருப்பார்கள். மட்டையைப் பிடித்ததும் மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே மற்றக் கையின் சுட்டுவிரல் இறுக்கமில்லாமல் நுழைய வேண்டும். இடம் மிஞ்சினால் பிடி தடிப்பு. விரலுக்கு இடமே இல்லையென்றால் பிடி ஒல்லி. இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் ஒல்லியானதையே வாங்கலாம். மேலே ஒரு ஓவர்கிரிப் சுற்றித் தடிப்பாக்கிக்கொள்ளலாம். தடித்ததைச் செதுக்க முடியாது. பிள்ளைகளுக்கு 27 அங்குல மட்டை வேண்டவே வேண்டாம். 21, 23, 25, 26 என்று அவர்கள் உயரத்துக்கு ஏற்றாற்போல் கடையில் கிடைக்கிறது.

பந்தும் அப்படித்தான். 10 வயதுக்குட்பட்டவர்கள் போட்டியில் வழக்கமான மஞ்சள் பந்தே கூடாது என்று 2012இல் உலக அளவில் விதி வந்துவிட்டது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மெதுவாகப் போகிற, தாழ எழும்புகிற பந்துகள் இருக்கின்றன. ஆரஞ்சுப் பந்துக்கான ஆடுகளம் 60 அடிதான். எங்கள் திடலில் 78 அடி கிடைக்கவில்லையே என்று நான் பிள்ளைகள் முன்னால் எத்தனையோ முறை குறைப்பட்டுக்கொண்டேன். கிடைத்த அளவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இறுக்கம் பற்றிச் சொன்னதைத் திருத்தியே ஆக வேண்டும். பந்து மட்டையில் தங்கும் நேரம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குதான். ஹோவர்ட் பிரோடி என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் இதை விளக்கியிருக்கிறார்: மட்டை நரம்பின் நடுவில் பட்ட பந்தின் வேகத்துக்கும் கையின் இறுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லும்படியாகத்தான் முடிவு. இறுக்கினால் வேகம் கூடாது. அதிர்ச்சிதான் கைக்கு ஏறும். பந்துக்காகக் காத்திருக்கும்போது மட்டையின் கழுத்தை மற்றக் கை தாங்க வேண்டும், அடிக்கிற கை ஓய்வாக இருக்க வேண்டும். பிடி மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தாங்குகிற கைதான் மட்டையைத் திருப்பிக் கொடுக்கும். விரல் வெளுக்கிற அளவு பிடித்திருந்தால் யாராக இருந்தாலும் நிறுத்தி, கையை உதறச் சொல்கிறேன். பனி நேரத்தில் முதலில் ஓடவிட்டுக் கை சூடான பிறகுதான் மட்டை. ஈரத்துக்குப் பழைய பருத்தி வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினால் போதும், நனைந்ததும் மாற்றிவிடலாம்.

மற்றபடி ஃபோர்ஹேண்டுக்கு மூன்று விஷயம் கண்ணில் பட்டால் எனக்குப் போதும். எதிராளி அடிக்கிற கணத்தில் இரண்டு காலும் லேசாகத் துள்ளி ஊன்ற வேண்டும். பந்து வருகிற பக்கம் தெரிந்ததும் கையை மட்டும் இழுக்காமல் தோளோடு உடம்பே திரும்ப வேண்டும். பந்தை உடம்புக்கு முன்னால், கீழிருந்து மேலாகச் சந்திக்க வேண்டும். முன்னால் சந்திக்காமல் பக்கவாட்டில் வரவிட்டால் மணிக்கட்டுதான் மிச்ச வேலையைச் செய்யும், அது நோகும்.

என் மார்க்கர் சொன்ன பிடியைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சர்வீசுக்கும் வாலிக்கும் தலைக்கு மேலே அடிப்பதற்கும் ஸ்லைசுக்கும் கான்டினென்டல்தான். புதிய பிள்ளைகள் சர்வீசையும் ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே, முகத்தை முன்னே காட்டித் தட்டுவார்கள். பந்து போகும், ஆனால் தோள் வளர்ந்த பிறகு அதில் வேகமும் சுழலும் வராது. பந்து ஓரளவு கட்டுக்குள் வந்த பிறகு இரண்டாம் பட்டையை அங்கே அறிமுகப்படுத்துகிறேன். இரு கை பேக்ஹேண்டிலும் கீழ்க்கை கான்டினென்டல், மேல்கை அந்தப் பக்கத்து ஃபோர்ஹேண்டைப் போலப் பிடிக்கும். எல்லா அடிக்கும் ஒரே பிடி என்ற ஒன்றைத்தான் விட்டேன்.

போன தை மாசம் அவள் ஊருக்கு வந்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை. வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பாவும் இருந்தார். இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். பிடியைப் பற்றி, மணிக்கட்டைப் பற்றி, முழங்கையைப் பற்றி. அவள் பொறுமையாகக் கேட்டாள். "பிடியெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றாள். பிறகு, "சொன்னா கேக்க மாட்டேங்குதுன்னு அப்பாகிட்டச் சொன்னீங்க பாருங்க, அதுதான் ஞாபகம் இருக்கு. வீட்ல அதையே ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் பட்டை எண்ணிக் கணக்கு ஒப்பிக்கப் போயிருந்தேன். அவள் கேட்ட கணக்கு வேறு. அவளுடைய அப்பாவிடம் திரும்பி, "அண்ணே, அது பொய். புள்ள நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன்" என்றேன். அவர், "அதெல்லாம் எப்பவோ, விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நம்பினாரா, என் மனசு நோகக்கூடாதென்று சொன்னாரா என்பது எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொரு பாக்கி இருக்கிறது. அதே திடலில் அவளோடு ஆடிய ஒரு பையன் இப்போது கீழே ஒரு ஊரில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித் தருகிறான். நல்ல பையன், உழைப்பாளி. போய்ப் பார்த்தேன். சிமெண்ட் தரை, பந்து தோளுக்கு வருகிறது, வரிசையாக நின்ற பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் முட்டி இரண்டாம் பட்டையில். ஒரு சிறுவன் கையை அடியில் கொடுத்துப் பிடித்தபோது என் பழைய மாணவன் ஆட்டத்தை நிறுத்தி, போய், கையைத் திருப்பி வைத்தான். ஓரமாகக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். 254 சென்டிமீட்டர் கணக்கைச் சொன்னேன், முழங்கையைச் சொன்னேன், அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "சார், உங்களுக்கு வயசாயிடுச்சு, இப்ப வர்ற டிவி ஆட்டத்தப் பாத்துக் குழம்புறீங்க. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி" என்றான். என்மேல் வைத்த மரியாதையில்தான் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன மட்டையும் ஆரஞ்சுப் பந்து ஒரு பையும் எடுத்துக்கொண்டு மறுபடி போகப் போகிறேன். இந்த முறை அந்தச் சிறுவனுக்குப் பந்து போட அனுமதி மட்டும் கேட்பதாக இருக்கிறேன்.